வெள்ளையன் கடிச்சா வீட்டு இன்ஷூரன்ஸ் தருமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடுல டேர்ம் இன்ஷூரன்ஸ் முடிச்சாச்சு, அடுத்து வீட்டு இன்ஷூரன்ஸ்னு சொல்லியிருந்தேன். ஸ்கிரிப்ட்டும் ரெடியா இருந்துச்சு. அதைத் தூக்கி ஓரமா வெச்சுட்டேன். காரணம், மூணு வாரத்துக்கு முன்னாடி ராஜபாளையத்துல இருந்து அப்பா பண்ணின ஒரு போன்.

"டேய், வெள்ளையன் கடிச்சுட்டான்டா."

வெள்ளையன் எங்க வீட்டு நாய். அசல் ராஜபாளையம். பால் வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு, நின்னா என் இடுப்பு உயரம். நாலு வயசு. அவனுக்குக் காது கேட்காது. இது இந்த இனத்துல அடிக்கடி பார்க்கிற விஷயம்தான். அந்த வெள்ளை நிறத்துக்கும் பிறவிச் செவிட்டுக்கும் மரபணுவிலேயே தொடர்பு உண்டு. எங்க ஊர்ல குட்டி வாங்கப் போறவங்க பின்னாடி நின்னு கை தட்டிப் பார்த்துத்தான் வாங்குவாங்க. எங்க அப்பா தட்டிப் பார்த்தார், அது திரும்பலை, இருந்தாலும் தூக்கிட்டு வந்துட்டார். "வேற யாரும் எடுக்க மாட்டாங்கடா"ன்னார்.

அன்னைக்கு நடந்தது இதுதான். கூரியர் கொண்டு வந்த ஒரு அண்ணன் கேட்டைத் தட்டியிருக்கார். அப்பா பின்னாடி தென்னைக்குத் தண்ணி பாய்ச்சிட்டு இருந்ததால கேட்கலை. அந்த அண்ணன் கேட்டைத் திறந்து உள்ள வந்து பார்சலைத் திண்ணையில வெச்சிருக்கார். திண்ணைக்குக் கீழே வெள்ளையன் தூங்கிட்டு இருந்திருக்கான். காது கேட்காத நாய் திடுக்கிட்டு முழிச்சா என்ன பண்ணும்? கெண்டைக்கால்ல ஆழமா ஒரு கடி.

அப்பா உடனே சோப்புப் போட்டு, ஓடுற தண்ணியில காலை நல்லா கழுவிவிட்டு, டிவிஎஸ் 50-ல ஏத்தி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். வெள்ளையனுக்கு வருஷா வருஷம் தடுப்பூசி போட்டிருக்கோம். அதைக் காட்டினாலும் கடிபட்டவருக்கு ஊசியை நிறுத்த மாட்டாங்க, நிறுத்தவும் கூடாது. தோலைக் கிழிச்ச கடிங்கிறதால காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின், அதோட தோலுக்குள் போடுற தடுப்பூசி 0, 3, 7, 28-ன்னு நாலு நாள். அரசு ஆஸ்பத்திரியில இது இலவசம். ஆனா அவருக்குக் கிடைக்கிறது டெலிவரிக்கு இவ்வளவுன்னு கூலி. வண்டி மிதிக்க முடியாத ஒவ்வொரு நாளும் அவருக்கு நஷ்டம். அப்பா அங்கேயே ஆறாயிரம் ரூபாய் கொடுத்து, "தப்பு எங்க மேலதான் தம்பி, எதுன்னாலும் கேளுங்க"ன்னு சொல்லி அனுப்பியிருக்கார்.

எல்லாம் சொல்லி முடிச்சுட்டு அப்பா கேட்டார்: "வீட்டு லோன் எடுக்கும்போது இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு போட்டோமே, அதுல இதெல்லாம் வருமா?"

பார்த்துச் சொல்றேன்னு வெச்சுட்டு, ராத்திரி உட்கார்ந்து தேடினேன். தேடத் தேட பயம்தான் அதிகமாச்சு. வந்ததெல்லாம் அமெரிக்கக் கட்டுரைகள். "தடை செய்யப்பட்ட இன நாய் இருந்தால் வீட்டு இன்ஷூரன்ஸ் மறுக்கப்படும்", "நாயை மறைத்தால் பாலிசி ரத்து" அப்படின்னு. நாங்க எந்த ஃபாரத்துலயும் வெள்ளையனைப் பத்திச் சொன்னதே இல்லை. அப்போ, நாளைக்கு வீடு தீப்பிடிச்சாக்கூட நாயைக் காரணம் காட்டிப் பணம் தர மாட்டாங்களா?

அமெரிக்காவுல ஏன் அப்படி? அங்க 'ஹோம்ஓனர்ஸ் இன்ஷூரன்ஸ்' வாங்கினா அது கட்டடத்தை மட்டும் காக்கிறதில்லை. உங்களால, உங்க குடும்பத்தால, உங்க நாயால அடுத்தவங்களுக்குக் காயமோ நஷ்டமோ வந்தா, அவங்க உங்க மேல போடுற வழக்குக்கும் நஷ்டஈட்டுக்கும் சேர்த்தே பணம் தரும். இதுக்கு 'லயபிலிட்டி'ன்னு பேரு. நம்ம பைக்குக்கு 'தேர்ட் பார்ட்டி' போடுறோமே, அதே விஷயம் வீட்டுக்குள்ள உட்கார்ந்திருக்குன்னு நினைச்சுக்கங்க.

அதுல நாய்க்கடி பெரிய செலவு. அங்குள்ள இன்ஷூரன்ஸ் தகவல் நிறுவனத்தின் கணக்குப்படி 2023-ல் மட்டும் நாய் தொடர்பாக 19,062 கிளெய்ம்கள், மொத்தம் 112 கோடி டாலர். ஒரு கிளெய்முக்குச் சராசரி 58,545 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 48 லட்சம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவும் நீதிமன்றங்கள் தரும் நஷ்டஈடும் அங்கே அந்த அளவு. அதனால பல கம்பெனிகள் ஒரு பட்டியல் வெச்சிருக்கு: பிட்புல், ராட்வீலர், டாபர்மேன், அகிடா, ஓநாய்க் கலப்பு. இதுல ஒண்ணு வீட்ல இருந்தா பாலிசி கிடையாது, இல்லைன்னா நாய்க்கடியை மட்டும் விலக்கித் தருவாங்க, இல்லைன்னா பிரீமியம் ஏறும்.

இனத்தை வெச்சு முடிவெடுக்கிறது சரியான்னு அங்கேயே பெரிய சண்டை. 2000-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, 20 ஆண்டுகளில் நாய் தாக்கி நடந்த 238 மரணங்களைப் பார்த்தது. பாதிக்கு மேல் பிட்புல் வகையும் ராட்வீலரும்தான். ஆனா குறைந்தது 25 இனங்கள் அந்தக் கணக்குல இருந்துச்சு. அதைவிட முக்கியம், நாட்டில் மொத்தம் எத்தனை பிட்புல், எத்தனை லாப்ரடார் இருக்குங்கிற எண்ணிக்கை யார்கிட்டயும் உருப்படியா இல்லை. வகுக்க வேண்டிய எண் இல்லாம எப்படி விகிதம் சொல்றது? கோடு எழுதுறவங்களுக்கு இது பழகின தப்பு: அளக்க முடியாத ஒண்ணுக்குப் பதிலா, சுலபமா கிடைக்கிற வேற ஒண்ணை அளந்துட்டு ஷிப் பண்றது. நெவாடா, நியூயார்க் மாநிலங்கள் 2021-ல் சட்டம் போட்டு, இனத்தை மட்டும் வெச்சு வீட்டு இன்ஷூரன்ஸை மறுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அந்தக் குறிப்பிட்ட நாய் முன்னாடி கடிச்சிருக்கான்னு பார்க்கலாம், அவ்வளவுதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

அந்த வாரக் கடைசியில பஸ் பிடிச்சு ஊருக்குப் போய், அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருக்கிற எங்க ஏஜென்ட் அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். அப்பாவோட லோன் பாலிசியைப் போட்டது அவர்தான். பேப்பரை நீட்டினதும் அண்ணாச்சி கண்ணாடியை ஏத்திவிட்டு முதல் பக்கத்தைக் காட்டினார். பாரத் கிருஹ ரக்ஷா.

"தம்பி, இது வீட்டுக்குத்தான். வீட்ல இருக்கிற நாய்க்கு இல்ல, நாய் கடிச்ச ஆளுக்கும் இல்ல."

இது கொஞ்சம் விளக்கமா சொல்ல வேண்டியது. 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் வீடுகளுக்குன்னு ஒரே மாதிரியான ஒரு பாலிசியைத் தீ இன்ஷூரன்ஸ் விற்கும் எல்லா ஜெனரல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் தரணும்னு ஒழுங்குமுறை ஆணையம் சொல்லிடுச்சு. அதுதான் இது. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம் மாதிரியான காரணங்களால கட்டடத்துக்கும் உள்ளிருக்கும் பொருட்களுக்கும் வர்ற சேதத்துக்குப் பணம். கட்டடத் தொகையில 20 சதவீதம் வரைக்கும், உச்சமா 10 லட்சம் வரைக்கும், பொருட்களுக்குத் தானாவே கவர் உண்டு. வீடு குடியிருக்க முடியாமப் போனா மாற்று வீட்டு வாடகைகூட உண்டு. ஆனா அமெரிக்காவுல இருக்கிற அந்த லயபிலிட்டி இதுல கிடையாது. அதனாலதான் வீட்ல நாய் இருக்கான்னு அவங்க கவலைப்படலை. பிட்புல் இருந்தாலும் சரி, பொமரேனியன் இருந்தாலும் சரி, தீக்கு ஒரே பிரீமியம்தான்.

அதாவது என் ராத்திரி பயம் வீண். வெள்ளையனைச் சொல்லாததால எங்க வீட்டுத் தீ கவர் போகாது. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லணும், முக்கியமான எதையும் மறைக்கக் கூடாதுங்கிறது எல்லா இன்ஷூரன்ஸுக்கும் அடிப்படை. ஆனா தீ விபத்துக்கான ஃபாரத்துல நாய் ஒரு முக்கியத் தகவலே இல்லை. இது நல்ல செய்தி. கெட்ட செய்தி, அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் "வராது".

(ஒரு சின்ன விஷயம், எனக்குப் பிடிச்சது. வீடுகளுக்கும் முன்னாடி போட்டுட்டு இருந்த பழைய தீ பாலிசியில விலங்கு வருது. வண்டியோ விலங்கோ மோதி உங்க கட்டடம் சேதமானா பணம் உண்டு, ஆனா அந்த விலங்கு உங்களுடையதா இருக்கக் கூடாது. பக்கத்து வீட்டு மாடு உங்க சுவரை முட்டித் தள்ளினா காசு, உங்க மாடு முட்டினா கிடையாது. மலையடிவாரத்துல தோப்பு வெச்சிருக்கிறவங்களுக்கு இது காமெடி இல்லைங்க, நிஜமான கேள்வி.)

அப்போ நம்ம ஊர்ல நாய் கடிச்சா சட்டப்படி யார் பொறுப்பு? ரெண்டு பக்கம் இருக்கு. ஒண்ணு கிரிமினல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு: தன்கிட்ட இருக்கிற விலங்கால மனுஷங்களுக்கு ஆபத்து வராம பார்த்துக்கத் தவறினா 6 மாசம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். எந்த இன்ஷூரன்ஸும் இந்த அபராதத்தைக் கட்டாது.

இன்னொண்ணு சிவில். கடிபட்டவர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். எங்க விருதுநகர் மாவட்டத்துக்கு மாவட்ட நீதிமன்றம் இருக்கிறதே ஸ்ரீவில்லிபுத்தூர்லதான். அங்க முக்கியமா எழும் கேள்வி: இந்த நாய் கடிக்கக் கூடியதுன்னு உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சும் கவனமா இல்லையா? இங்கதான் நாம கேட்ல மாட்டுற "நாய்கள் ஜாக்கிரதை" போர்டு ரெண்டு பக்கமும் வெட்டும். எச்சரிச்சேன்னு நீங்க சொல்லலாம். "ஆக, ஆபத்துன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கு"ன்னு எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லலாம். முதல் கடிக்கு அப்புறம் "எனக்குத் தெரியாது"ன்னு சொல்ற வாய்ப்பு போயிடுது. வெள்ளையன் விஷயத்துல எங்களுக்கு அது போயிடுச்சு.

இனம்? அதுக்கும் ஒரு கதை இருக்கு. 2024 மார்ச் 12-ல் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் அனுப்புச்சு. பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோன்னு 23 வகை நாய்களை மூர்க்கமானவைன்னு சொல்லி, இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனைக்குத் தடை. ஏற்கெனவே வளர்க்கிறவங்க கருத்தடை செய்யணும். பட்டியல்ல "டெரியர்கள்"னு மொத்தமாவும் போட்டிருந்தாங்க. ஏப்ரல் 10-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவங்க யாரையும் கேட்காம போட்டதுன்னு அதை ரத்து பண்ணிடுச்சு. அடுத்த மாசமே சென்னை நுங்கம்பாக்கத்துல மாநகராட்சிப் பூங்காவில் ரெண்டு ராட்வீலர்கள் 5 வயசுக் குழந்தையைக் கடிச்சுக் குதறின சம்பவம். அந்தப் பரபரப்புல தமிழ்நாட்டுக் கால்நடைத் துறை அதே 23 இனத்துக்குத் தடைன்னு அறிவிச்சு, உடனே திரும்பவும் வாங்கிக்கிச்சு.

ராஜபாளையம் அந்தப் பட்டியல்ல இல்லை. 2005-ல் தபால் துறை நாய்களுக்கு ஸ்டாம்ப் வெளியிட்டப்போ நாலு இனத்துல ஒண்ணு இது. 2020 ஆகஸ்ட் மன் கி பாத்ல பிரதமரே வளர்க்கச் சொன்ன நாட்டு நாய்கள்ல ஒண்ணு இது. ஆனா பட்டியல்ல இருக்கிற டோகோ அர்ஜென்டினோவோட போட்டோவைப் பாருங்க. சுத்த வெள்ளை, பெரிய உடம்பு, அங்க அது காட்டுப்பன்றி வேட்டைக்கு உருவான நாய். ராஜபாளையமும் பன்றி வேட்டைக்குப் பேர் போனதுதான். எங்க ஊர்ல ஒரு சின்னப் பையன்கூட ரெண்டையும் பிரிச்சுச் சொல்லிடுவான். ராஜபாளையத்துக்கு ஒல்லி வயிறு, நீள மூஞ்சி. ஆனா சென்னை அபார்ட்மென்ட்ல இருக்கிற செக்ரட்டரிக்குத் தெரியுமா?

லண்டன்ல இருந்து கேட்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனமா கேளுங்க. பிரிட்டனின் 1991 அபாயகர நாய்கள் சட்டத்துல இருக்கிற இனங்கள்ல டோகோ அர்ஜென்டினோவும் ஒண்ணு. அங்க பேப்பர்ல என்ன இனம்னு இருக்குங்கிறதைவிட, பார்க்க எந்த வகை மாதிரி இருக்குங்கிறதைத்தான் சட்டம் பார்க்குது. 2024 பிப்ரவரி 1 முதல் இங்கிலாந்துல எக்ஸ்எல் புல்லியை வைச்சிருக்கணும்னா விலக்குச் சான்றிதழ் வேணும், அதுக்கு தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயம். இன்ஷூரன்ஸ் கம்பெனி நாயை விலக்குறதுக்குப் பதிலா, நாயை வைச்சிருக்க இன்ஷூரன்ஸ் போடுன்னு அரசே சொல்லுது. எனக்கு இந்த முறை பிடிச்சிருக்கு. பைக்குக்குக் கட்டாயம்னா, 40 கிலோ பிட்புல்லுக்கு ஏன் இருக்கக் கூடாது?

இந்தியாவுல அது கட்டாயம் இல்லை, ஆனா வாங்கலாம். ரெண்டு வழி.

முதல் வழி, 'ஹவுஸ்ஹோல்டர்ஸ்' பேக்கேஜ் பாலிசி. பொதுத்துறைக் கம்பெனிகள் ரொம்ப நாளா விற்கிறது. பகுதி பகுதியா இருக்கும்: தீ, திருட்டு, நகை, டிவி, சைக்கிள்னு போய், கடைசியில 'பப்ளிக் லயபிலிட்டி'ன்னு ஒரு பகுதி வரும். அது விருப்பப் பகுதி, டிக் பண்ணினாத்தான் உண்டு. டிக் பண்றதுக்கு முன்னாடி விலக்குகள் பக்கத்தைத் திறந்து "விலங்கு"ங்கிற வார்த்தை இருக்கான்னு தேடுங்க. பி.டி.எஃப்.ல தேட அஞ்சு செகண்ட் ஆகும்.

ரெண்டாவது வழி, நாய்க்கான பாலிசி. பொதுத்துறைக் கம்பெனிகள்கிட்ட பல வருஷமா இருக்கு. தனியார்ல பஜாஜ் அலையன்ஸ் 2020-ல் கொண்டு வந்தாங்க, அப்புறம் ஃப்யூச்சர் ஜெனராலியும் வந்துச்சு. இதை எல்லாரும் நாயோட ஆஸ்பத்திரிச் செலவுக்குன்னு நினைச்சு வாங்குறாங்க. எனக்குக் கேட்டா, நாயோட காய்ச்சலுக்கு நாமே கட்டிக்கலாம், நம்மை மூழ்கடிக்கக்கூடியது அடுத்தவங்களுக்கு நேர்ற காயம்தான். அதனால 'தேர்ட் பார்ட்டி லயபிலிட்டி' பகுதி இருக்கான்னு மட்டும் முதல்ல பாருங்க. வயசு வரம்பு கறாரா இருக்கும், குட்டியிலேயே போடுறது நல்லது. உங்க குடும்பத்து ஆளையோ வீட்டு வேலைக்கு வர்ற அக்காவையோ கடிச்சா பொதுவா 'தேர்ட் பார்ட்டி'ல வராது. தடுப்பூசி அட்டை சரியா இல்லைன்னா கிளெய்ம் நிக்காது. மைக்ரோசிப் போட்டுடுங்க, கென்னல் கிளப் பதிவு இருந்தா "இது டோகோ இல்லைங்க"ன்னு சண்டை போட வேண்டியதில்லை.

இதுல நான் தலையில கை வெச்ச இடம் ஒண்ணு உண்டு. லயபிலிட்டி பாலிசிகள்ல வழக்கமா ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பெனி சம்மதம் இல்லாம தப்பை ஒத்துக்கக் கூடாது, நீங்களா பேசிப் பணம் கொடுத்து முடிக்கக் கூடாது. எங்க அப்பா என்ன பண்ணினார்? ஆஸ்பத்திரி வாசல்லயே "தப்பு எங்க மேலதான் தம்பி"ன்னு சொல்லி ஆறாயிரம் கொடுத்தார். பாலிசி இருந்திருந்தா, அந்த ஒரு வாக்கியமே கிளெய்முக்குச் சிக்கல். அண்ணாச்சிகிட்ட சொன்னப்போ சிரிச்சார். "நம்ம ஊர்ல டீக்கடையில உட்கார்ந்து பேசி முடிக்கிறதுதான் தம்பி பழக்கம். பாலிசி எழுதினவன் ராஜபாளையத்துக்காரன் இல்லையே."

அப்பாகிட்ட இதைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துடுச்சு. "அப்போ அவன் ரத்தம் சொட்டச் சொட்ட நிக்கும்போது, இரு, கம்பெனியைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லணுமாடா?" இல்லை. முதலுதவி பண்றது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது, மருந்துக்குக் காசு கட்டுறது வேற. தப்பு யாருதுன்னு எழுதிக் கொடுக்கிறது வேற. முன்னதைத் தயங்காம பண்ணுங்க, ரசீதை வெச்சுக்கங்க, அன்னைக்கே கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்க. இவ்வளவு விளக்கியும் அப்பா ஒத்துக்கலை. நானும் அவர் நிலையில இருந்தா அதையேதான் பண்ணியிருப்பேன்னு நினைக்கிறேன்.

இப்போ வீட்ல சில மாற்றம். கேட்டுக்கு உள்பக்கமா பூட்டு, வெளியே பார்சல் போட ஒரு பெட்டி, அழைப்பு மணி பின்கட்டு வரைக்கும் கேட்கிற மாதிரி. வெள்ளையன் தூங்குற இடம் திண்ணைக்குக் கீழே இருந்து உள் முற்றத்துக்கு மாறிடுச்சு. அவனைத் தொடுறதுக்கு முன்னாடி தரையைக் காலால தட்டணும், அதிர்வு தெரிஞ்சு முழிப்பான். வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் அம்மா இதைச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்காங்க.

நாலாவது ஊசிக்கும் அந்த அண்ணனை அப்பாதான் கூட்டிட்டுப் போகப் போறார், வர்ற செவ்வாய்க்கிழமை.

அப்புறம், நாய் பாலிசி ஒண்ணுக்கு அப்ளை பண்ணினேன். கம்பெனி பேர் வேண்டாம், விளம்பரம் மாதிரி ஆயிடும். ஃபாரத்துல ஒரு கேள்வி: "உங்கள் நாய் இதற்கு முன் யாரையாவது கடித்திருக்கிறதா?" ஊருக்கே தெரிஞ்ச விஷயம்தான், ஆனா எந்தப் பேப்பர்லயும் வழக்கு இல்லை, புகார் இல்லை. 'இல்லை'ன்னு டிக் பண்ணினா கேட்க ஆள் இல்லை. அப்பா பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தார், எதுவும் சொல்லலை. 'ஆம்'னு டிக் பண்ணி, கீழே கட்டத்துல "ஒரு முறை. தூக்கத்தில் திடுக்கிட்டு. காது கேளாத நாய்"னு எழுதி அனுப்பினேன்.

அனுப்பி ஒன்பது நாள் ஆச்சு. இன்னும் பதில் வரலை. மறுத்தாங்கன்னா என்ன காரணம் சொன்னாங்கன்னு அடுத்த எபிசோடு ஆரம்பத்துல படிச்சுக் காட்டுறேன். சந்திப்போம் மக்களே.